சட்டம் மாறிவிட்டது, கேட்டில் இருப்பவருக்குத் தெரியுமா?

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில். போரூர் பக்கம் சில நிறுத்தங்கள் போனால் சென்னை மாவட்டம். பூந்தமல்லி பக்கம் திரும்பிக் காட்டுப்பாக்கத்துக்குள் நுழைந்தால் திருவள்ளூர் மாவட்டம். ஒரே சாலை, ஒரே நெரிசல், தலைக்கு மேலே ஒரே மெட்ரோ பாலம். ஆனால் மூன்று கலெக்டர் அலுவலகங்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் இருப்பவருக்கோ, அலுவலகம் போரூரிலும் குடோன் ஐயப்பன்தாங்கலிலும் ஆலை திருமழிசையிலும் இருந்தால், எந்தப் படிவம் எந்த மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்பதே பாதி வேலை.

பதினான்கு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். கடைசி மூன்று வருஷத்தில் மாறிய அளவுக்கு அதற்கு முன்பு எதுவும் மாறவில்லை. குற்றவியல் சட்டங்கள் மூன்றும் 2024 ஜூலை 1 முதல் புதியவை. 29 மத்தியச் சட்டங்களை உள்ளடக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அதற்கு ஒரு வாரம் முன்புதான் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் வெளியாகியிருந்தன. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டமும் புதிது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இருவருக்காக எழுதத் தொடங்கிய குறிப்பு இது. அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இதே வேலை பார்க்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

மசோதாவைச் சட்டம் என்று நினைத்துச் சுற்றறிக்கை விடாதீர்கள்

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் அந்த வார இறுதிக்குள் புது ஷிஃப்ட் அட்டவணை தயாராகி, சூப்பர்வைசர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது. திங்கட்கிழமை காலை லைனில் ஆள் நிற்கவில்லை. எல்லோரும் கேன்டீன் வாசலில் நின்றார்கள். எதிர்ப்பு வலுத்ததால் அரசு மசோதாவை நிறுத்திவைத்தது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அட்டவணையும் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்த ஆலையில் நிர்வாகத்தின் மேல் விழுந்த சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

ஒரு சட்டத்துக்குக் குறைந்தது நான்கு தேதிகள் உண்டு: சபையில் நிறைவேறிய தேதி, ஒப்புதல் கிடைத்த தேதி, அரசிதழில் வந்த தேதி, நடைமுறைக்கு வந்த தேதி. விதிகள் வந்த தேதி ஐந்தாவது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் பதிவைக் கட்டாயமாக்கிய திருத்தம் 2018-இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2025 ஜூலை 2-இல். இடையில் ஏழு வருஷம். இப்போது 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையோ அலுவலகமோ பதிவு செய்ய வேண்டும். போரூரில் விற்பனை அலுவலகம் வைத்திருக்கும் ஆலைகள் பல இதைக் கவனிக்கவே இல்லை. “நமக்குத்தான் ஃபேக்டரி லைசென்ஸ் இருக்கே” என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். ஐந்து தேதிக்கும் ஐந்து கட்டம். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் யாருக்கும் எதையும் அனுப்ப வேண்டாம்.

சுற்றறிக்கையை வேலை செய்பவரின் மேசைக்குக் கொண்டுபோங்கள்

இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி ஒருவர் ராஜினாமா செய்தாலும் வேலையை விட்டு நீக்கப்பட்டாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். இதை ஹெச்.ஆர். தலைவருக்கும் நிதித் தலைவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். இருவரும் “நோட்டட்” என்று பதில் போட்டார்கள். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஆலைக்குப் போனபோது “நோ டியூஸ்” ஃபார்மைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கேன்டீன், ஸ்டோர்ஸ், டூல் ரூம், ஐ.டி., அக்கவுன்ட்ஸ், செக்யூரிட்டி, ஹெச்.ஆர். என்று ஏழு கட்டம், ஏழு கையெழுத்து. வேலையை விட்டுப் போகிற பையனே அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய் நிற்க வேண்டும். டூல் ரூம் பொறுப்பாளர் லீவில் போயிருந்தார். ஃபார்ம் அவர் மேசையில், ஒரு வெர்னியர் காலிபருக்கு அடியில், ஒன்பது நாளாகக் கிடந்தது. சட்டம் மாறியதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு மின்னஞ்சல் முகவரியே கிடையாது.

அன்றிலிருந்து என் முறையை மாற்றிக்கொண்டேன். ஒரு மாற்றத்துக்கு ஒரே பக்கம், தமிழில். மேலே மூன்று வரி: இதுவரை எப்படிச் செய்தோம், இனி எப்படி, எந்த நாளிலிருந்து. கீழே செய்ய வேண்டியவரின் பெயர். பதவி அல்ல, பெயர். நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, படிக்கச் சொல்லி, சந்தேகம் கேட்கச் சொல்லி, கையெழுத்து வாங்குகிறேன். நோ டியூஸ் ஃபார்மும் மாறியது. ராஜினாமா கடிதம் வந்த அன்றே ஹெச்.ஆர். ஏழு இடத்துக்கும் நகல் அனுப்பிவிடும். கடைசி நாளுக்கு முன்பு பாக்கி எதுவும் சொல்லாதவர், பாக்கி இல்லை என்று சொன்னதாகவே கணக்கு. சம்பளம் இரண்டாம் நாள் வங்கிக்குப் போகிறது. பணிக்கொடை வேறு கணக்கு, அதன் கெடு வேறு. இரண்டையும் ஒன்றாக்கி ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்திவைக்க வேண்டாம்.

பழைய சட்டம் போய்விட்டது என்று பழைய ரெஜிஸ்டரை மூடாதீர்கள்

தொகுப்புகள் வந்ததும் பலர் செய்த தவறு இது. மாறுதல் காலத்தில், புதிய தொகுப்போடு முரண்படாத பழைய விதிகள் தொடரும் என்பதுதான் ஏற்பாடு. தொழிலாளர் விவகாரம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மத்திய விதிகளோடு மாநில விதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மஸ்டர் ரோலும் ஓவர்டைம் பதிவேடும் இருக்கிறபடியே இருக்கட்டும்.

சம்பள அமைப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். விலக்கப்பட்ட படிகளின் கூட்டுத்தொகை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி “ஊதியம்” என்ற கணக்குக்குள் வந்துவிடும். பணிக்கொடை ஏறும். ஒப்பந்த காலத்துக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை உரிமை உண்டு. நிதிப் பிரிவு இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும், ஆகவே அவர்களிடம் சீக்கிரம் பேசுங்கள்.

கான்ட்ராக்டர் விடுதி நம் பொறுப்பில்லை என்று எழுதாதீர்கள்

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது உணவு நஞ்சானது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். என்ன ஆனது என்று யாரும் தெளிவாகச் சொல்லாததால் மற்ற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-இல்தான் மறுபடி திறந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. தொழிலாளர் தங்குமிடங்கள் சிலவும் சாப்பாட்டு அறைகள் சிலவும் தரத்துக்குக் குறைவாக இருந்தன என்று வெளிப்படையாகச் சொன்னது.

அந்த நாட்களில் நான் வேலைக்குப் போகும் வழியே அந்த நெடுஞ்சாலைதான். பஸ் நகரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் தங்கை வயதுப் பெண்கள், ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டியபடியே, தார்ச்சாலையில். கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் “தங்குமிடம், உணவு அனைத்துக்கும் ஒப்பந்ததாரரே பொறுப்பு” என்று நான் எழுதியிருந்த வரி அப்போது நினைவுக்கு வந்தது. அந்த வரியால் யாருக்கும் ஒரு வேளை நல்ல சோறு கிடைத்திருக்காது.

இன்று சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கான நல வசதிகளைச் செய்து தர வேண்டியவர் முதன்மை வேலையளிப்பவர். கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் கொடுக்க வேண்டியவரும் அவரே. ஆகவே பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விடுதிகள் சட்டத்தின்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். நகலை வாங்கி ஃபைலில் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். ஹெச்.ஆர். பெண் ஊழியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் ஒரு சாயங்காலம் போய் இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். ஓர் அறையில் எத்தனை பாய் என்று எண்ணுங்கள்.

சிறு சப்ளையரின் பணத்துக்கு நாள் எண்ணுங்கள், சரக்கு வந்த நாளிலிருந்து

முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியின் ரிசப்ஷனில் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர் வாரம் ஒரு முறை வந்து உட்காருவார். பில் நகல்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்பார். ஐந்து மாத பாக்கி. ஒரு நாள் என்னைப் பார்த்து, “மேடம், நீங்க வக்கீல்தானே, இதுக்கெல்லாம் சட்டம் ஒண்ணும் கிடையாதா?” என்றார். சட்டம் இருந்தது; குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இலிருந்தே இருக்கிறது. நான் கம்பெனியின் வக்கீல். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாடிக்குப் போய் நிதித் தலைவரிடம் அந்தச் சட்டத்தின் 15, 16-ஆம் பிரிவுகளை எடுத்துக் காட்டினேன். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கிடையாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. அடுத்த வாரம் பெரியவருக்குப் பணம் போனது.

இப்போது அந்த வாதத்துக்கு வரிச் சட்டமும் துணைக்கு நிற்கிறது. 2024–25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். பழைய சட்டத்தில் 43பி(ஹெச்) என்று எல்லோருக்கும் வாய்ப்பாடமான பிரிவு இது. புதிய வருமான வரிச் சட்டத்தில் எண் வேறு. சுற்றறிக்கைகளிலும் ஒப்பந்தங்களிலும் திருத்திக்கொள்ளுங்கள்.

நாள் எண்ணுவதில்தான் தவறு நடக்கிறது. அக்கவுன்ட்ஸில் பில்லை ஏற்றிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். சட்டப்படி சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஆகவே ஸ்டோர்ஸில் கேட் என்ட்ரி சீல் போடும் தேதிதான் கணக்கு. ஸ்டோர்ஸ் பையனிடம் இதைச் சொல்லுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் “90 நாள்” என்று அச்சடித்து வைத்திருந்தால் அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான வரம்புகள் உயர்ந்துவிட்டன. சிறு நிறுவனம் என்றால் முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை. நேற்று வரை நடுத்தரமாக இருந்த சப்ளையர் இன்று சிறு நிறுவனமாக இருக்கலாம். உத்யம் சான்றிதழைப் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். அரையாண்டுப் படிவமான எம்.எஸ்.எம்.இ.–1-க்குக் கெடு ஏப்ரல் 30, அக்டோபர் 31.

நமக்கு வக்கீல் பாதுகாப்பு உண்டு என்று நம்பி எழுதாதீர்கள்

கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுச் சம்பளத்துக்கு வந்தவர்கள் நாம். பார் கவுன்சில் விதி 49-இன்படி முழுநேர ஊதியப் பணியில் இருப்பவர் வழக்கறிஞர் தொழில் செய்ய முடியாது. அதன் விளைவை 2025 அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆம் பிரிவில் வழக்கறிஞருக்குள்ள ரகசியப் பாதுகாப்பு நிறுவனச் சட்ட ஊழியருக்குக் கிடையாது. வெளி வழக்கறிஞரோடு நடந்த தகவல் பரிமாற்றத்துக்கு 134-ஆம் பிரிவின் துணை உண்டு. முதலாளிக்கும் நமக்கும் இடையே போன கடிதத்துக்கு அதுவும் இல்லை.

மின்னஞ்சலின் மேலே “ரகசியம்” என்று போட்டால் போதும் என்ற பழக்கத்தை விடுங்கள். விபத்து, சோதனை, பெரிய வழக்கு என்றால் முதல் நாளே வெளி வழக்கறிஞரை அமர்த்திவிடுங்கள். நாம் எழுதும் குறிப்பில் நடந்ததை நடந்தபடி, தேதியோடு எழுதுங்கள். ஊகமும் பழியும் வேண்டாம். இந்தத் தீர்ப்பைக் காட்டி “எதையும் எழுத்தில் வைக்காதே” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கொதிகலன் வால்வு பழுது என்று நீங்கள் எழுத்தில் கொடுத்த எச்சரிக்கை ஒருவரின் உயிரைக் காக்கலாம். அதை எழுதுங்கள், அனுப்புங்கள், சரி செய்யும் வரை விடாதீர்கள்.

சி.சி.டி.வி. பதிவை அன்றே எடுத்து வையுங்கள்

டி.வி.ஆர். சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே பதிந்துவிடும். மின்னணு ஆவணத்துக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் போய், சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் வந்திருக்கிறது. அதில் இரண்டு பகுதிகள்: கருவிக்குப் பொறுப்பானவர் ஒன்றில், நிபுணர் மற்றொன்றில் கையெழுத்திட வேண்டும். ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். ஐ.டி. பிரிவில் யார் இதைச் செய்வார் என்று இப்போதே பெயர் குறித்து வையுங்கள்.

விசிட்டர் நோட்டைத் திறந்து வைக்காதீர்கள்

எந்த ஆலைக்குப் போனாலும் செக்யூரிட்டி அறையில் நீளமான நோட்டு ஒன்று இருக்கும். பெயர், செல் நம்பர், வண்டி நம்பர், யாரைப் பார்க்க. பேனாவைக் கையில் எடுத்தால் எனக்கு முன்னால் வந்த இருபது பேரின் செல் நம்பரும் கண்ணெதிரே. நோட்டு நோட்டாகவே இருக்கும்வரை தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. அதையே கம்ப்யூட்டரில் ஏற்றினால் வந்துவிடும். கைரேகை வருகைப் பதிவும் ஆதார் ஸ்கேனும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவை.

நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் விதிகள் வந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. மீறலுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தந்துதான் சம்மதம் கேட்க வேண்டும். நம் ஊர் ஆலைகளில் தமிழ் மட்டும் போதாது. ஒடியாவும் இந்தியும் வேண்டும். மொழிபெயர்ப்பை அந்த மொழி பேசும் ஒரு தொழிலாளியிடம் படித்துக் காட்டிய பிறகு ஒட்டுங்கள்.

பாலியல் தொல்லைப் புகார்க் குழுவை ஒவ்வோர் இடத்திலும் அமையுங்கள்

மூன்று மாவட்டக் கதை இங்கேதான் கடிக்கும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் உள்குழு வேண்டும். அலுவலகங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தால் ஒவ்வொன்றிலும் வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். போரூர் தலைமை அலுவலகத்துக் குழு போதும் என்று திருமழிசை ஆலையை விட்டுவிட முடியாது. ஆண்டறிக்கையும் அந்தந்த மாவட்ட அதிகாரிக்குத் தனித்தனியாகப் போக வேண்டும். 2025 ஜூலை 14 முதல், வந்த புகார், முடிந்த புகார், 90 நாளைத் தாண்டி நிற்கும் புகார் மூன்றின் எண்ணிக்கையையும் இயக்குநர் குழு அறிக்கையில் சொல்ல வேண்டும்.

பெண்கள் ஓய்வறைக்குப் போகும் வழியில் இருக்கும் அறிவிப்புப் பலகையை ஒரு நிமிடம் நின்று படியுங்கள். நான் பார்த்த ஒரு பலகையில் தலைவர் என்று பெயர் போட்டிருந்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய செல் நம்பரை அடித்துப் பார்த்தேன். வேறு யாரோ எடுத்தார்கள். புகார் சொல்ல நினைத்து, தைரியத்தைத் திரட்டி, அந்த எண்ணை அடித்த பெண் யாராவது இருந்திருப்பாளா என்று இன்றும் தோன்றுகிறது.

20 ரூபாய்ப் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதாதீர்கள்

தமிழ்நாட்டில் 2024 மே முதல் சாதாரண ஒப்பந்தத்துக்கு 200 ரூபாய். முத்திரைக் குறைவை நடுவர் மன்ற வழக்கிலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று 2023 டிசம்பர் 13-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. அதை நம்பிக் கவனமில்லாமல் இருக்க வேண்டாம்.

கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்

பணிப் பாதுகாப்புத் தொகுப்பின்படி ஒவ்வோர் ஊழியருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருந்து கடிதம் இல்லாதவர்களுக்குத் தொகுப்பு வந்த மூன்று மாதத்துக்குள். எங்கள் பட்டியலில் எல்லோர் பெயருக்கு நேராகவும் டிக் இருந்தது. ஆலைக்குப் போன ஒரு மதியம் கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்தேன். சாம்பார் ஊற்ற வந்த அக்கா, என் கழுத்துக் கார்டைப் பார்த்துவிட்டு, “லெட்டர் குடுக்கறாங்களாமே மேடம், எங்களுக்கும் உண்டா?” என்று கேட்டார். ஆறு வருஷமாக அங்கே சமைப்பவர். கேன்டீன் கான்ட்ராக்டர் எங்கள் பட்டியலிலேயே இல்லை. அவரிடம் 11 பேர். அவர்கள் யாருக்கும் கடிதம் இல்லை. நான்கு பேருக்கு பி.எஃப். எண்ணும் இல்லை.

மறுநாள் கான்ட்ராக்டரை வரச் சொல்லி, தமிழில் ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்துக் கொடுத்தேன். பெயர், வேலை, சேர்ந்த தேதி, சம்பளம், வார விடுமுறை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள். சேர்ந்த தேதியில் புதுத் தேதி போடக் கேட்டார். முடியாது என்றேன். அக்காவின் கடிதத்தில் 2019 என்று இருக்கிறது.